மனைவியும் மைனர் குழந்தைகளும்: குடும்பக் குடியேற்றச் சட்டங்களில் பெற்றோரின் இடம் – பாபநாசம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அயல்நாட்டில் குடியுரிமை பெற்ற பிள்ளை, ஊரிலுள்ள தாய் தந்தையரை நிரந்தர வசிப்புரிமையுடன் தன்னிடம் அழைத்துக்கொள்வது இன்று காவிரிப் படுகையில் பழகிப்போன செய்தியாகும். ஆயினும் இவ்வுரிமையின் வரலாறு குறுகியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் பேரரசு வகுத்த குடியேற்றக் குடும்பத்தில் பெற்றோருக்கு இடமில்லை. பின்னர் இடம் கிடைத்தபோது அது 'சார்ந்திருப்பவர்' என்னும் பெயரிலேயே கிடைத்தது. பாபநாசம் வட்டாரத்தின் நில உறவுகளையும் ஆவண வழக்கங்களையும் துணையாகக் கொண்டு அப்பெயரின் பொருத்தத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குடும்பக் குடியேற்றம், நிரந்தர வசிப்புரிமை, காவிரிப் படுகை, பாபநாசம், சீனிவாச சாஸ்திரி, பிறப்புப் பதிவேடு

முன்னுரை

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையில், குடமுருட்டி பாயும் நெல்வயல்களின் நடுவே அமைந்த ஊர் பாபநாசம். இதைச் சூழ்ந்த ஊர்களிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மக்கள் வெளியேறிக்கொண்டே இருக்கின்றனர். நிலமற்ற கூலிகள் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர். ராஜகிரி, பண்டாரவாடை முதலிய ஊர்களின் முஸ்லிம் குடும்பங்கள் கடல் கடந்த வணிகத்தாலும் வேலையாலும் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் உறவு கொண்டன. அக்கிரகாரத்து மிராசுதாரர் பிள்ளைகள் முதலில் சென்னைக்கும் பம்பாய்க்கும், பின்னர் அமெரிக்காவுக்கும் சென்றனர்.

தமிழர் புலம்பெயர்வு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சென்றவரையே பின்தொடர்கின்றன. கப்பலேறியவர், அவர் பெற்ற கூலி, அவர் அமைத்த சங்கம், அவர் எழுப்பிய கோயில் ஆகியவை ஆராயப்பட்ட அளவுக்கு, திண்ணையில் அமர்ந்து அவர் கடிதத்துக்குக் காத்திருந்த தாய் தந்தையர் ஆராயப்படவில்லை. அவர்களையும் உடன் அழைத்துச் செல்லலாமா என்ற கேள்வியைச் சட்டம் எப்போது எழுப்பியது, எந்தச் சொற்களால் விடை கூறியது என்பன இக்கட்டுரையின் வினாக்கள். சட்டங்களின் வரலாறும், தஞ்சைக் கிராமங்களைப் பற்றி வெளிவந்துள்ள மானிடவியல் ஆய்வுகளும், பதிவேடுகளின் நடைமுறையும் இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன.

பேரரசு வகுத்த குடும்பம்

குடியேற்றச் சட்டத்தில் 'குடும்பம்' என்னும் சொல் தெளிவான எல்லை பெற்ற களங்களுள் தென்னாப்பிரிக்கா முதன்மையானது. அந்நாட்டின் 1913ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், அங்கு வாழும் உரிமை பெற்றவரின் மனைவிக்கும் 16 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் நுழைவை அனுமதித்தது. அதே ஆண்டு கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சீயர்ல் வழங்கிய தீர்ப்பு, பலதார மணத்தை ஏற்கும் சமயங்களின் முறைப்படி நிகழ்ந்த திருமணங்களைச் சட்டத்தின் கண்ணில் செல்லாதவையாக்கியது. காந்தியின் தலைமையில் நடந்த சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு இத்தீர்ப்பு ஒரு காரணம். 1914இன் இந்தியர் நிவாரணச் சட்டம் ஒரு மனைவியையும் அவள் வயிற்றுக் குழந்தைகளையும் ஏற்றதோடு அப்பூசல் ஓய்ந்தது. மனைவியின் சட்டத்தகுதி பற்றியே பூசல் நடந்தது. தாய் தந்தையர் பற்றிய பேச்சே எழவில்லை.

1918ஆம் ஆண்டு லண்டனில் கூடிய பேரரசு போர் மாநாட்டின் தீர்மானம் இவ்வெல்லையைப் பேரரசு முழுமைக்கும் பொதுவாக்கியது. ஒவ்வொரு ஆட்சிப்பகுதியும் தன் மக்கள்தொகையின் சேர்க்கையைத் தானே முடிவு செய்யலாம். ஆனால் ஏற்கெனவே நிலையாகக் குடியிருக்கும் இந்தியர் தம் மனைவியையும் மைனர் குழந்தைகளையும் வரவழைத்துக்கொள்ளலாம் என அது கூறியது. ஒருவருக்கு ஒரு மனைவி மட்டுமே என்பது முதல் நிபந்தனை. வருபவர் உண்மையிலேயே மனைவி அல்லது குழந்தை என்று இந்திய அரசு சான்றளிக்க வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. உறவுக்குச் சான்று வழங்கும் பொறுப்பு இவ்வாறு அரசின் கைக்கு வந்ததைக் கருத்தில் கொள்ள வேண்டும். இன்றைய பாபநாசம் வட்டாட்சியர் அலுவலகத்து வரிசைக்கு அங்கே ஒரு முன்வடிவம் உண்டு.

இத்தீர்மானத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் கடல் கடந்த இந்தியரின் உரிமைக்காக மிகுதியாகப் பயணம் செய்தவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. அவர் பாபநாசத்துக்கு அண்மையிலுள்ள வலங்கைமானில் 1869இல் பிறந்து, கும்பகோணத்தில் கற்றவர். 1921ஆம் ஆண்டுப் பேரரசு மாநாட்டில், ஆட்சிப்பகுதிகளில் முறையாகக் குடியிருக்கும் இந்தியரின் குடியுரிமை ஏற்கப்பட வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேற அவரே காரணமாக இருந்தார். தென்னாப்பிரிக்கா மட்டும் உடன்படவில்லை. 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளில் சுற்றுப்பயணம் செய்தார். 1927இன் கேப்டவுன் உடன்படிக்கைக்குப்பின் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் முகவராகப் பணியாற்றினார். அவ்வுடன்படிக்கையிலும் 1918இன் மனைவி, மைனர் குழந்தை என்ற வரையறையே உறுதிப்படுத்தப்பட்டது.

படுகையின் கூட்டுக் குடும்பத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவர் பேச்சுவார்த்தை மேசையில் இருந்தும் பெற்றோர் அங்கே ஏன் வரவில்லை? சாஸ்திரியைக் குறை கூறுவது எளிது. அது வரலாற்றுக்குப் பொருந்தாது. இருக்கும் உரிமையே பறிபோகும் நிலையில் புதிய உரிமையைக் கேட்கும் இடத்தில் அவர் இருக்கவில்லை. மேலும், அன்றைய இந்தியச் சட்டமே இவ்வாறுதான் குடும்பத்தைக் கண்டது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு, ஒருவன் கைவிடக்கூடாதவர் எனக் குறித்தது மனைவியையும் குழந்தைகளையும் மட்டுமே. மூத்த பெற்றோரைக் காப்பது இந்து தருமச் சட்டத்தில் கடமையாக இருந்ததேயன்றி, நீதித்துறை நடுவர் முன் விரைந்து கேட்டுப் பெறும் உரிமையாக இருக்கவில்லை. ஆங்கிலேய ஆட்சி எழுதிய இரு வேறு சட்டங்களில் ஒரே குடும்ப உருவம் தென்படுவதைத் தற்செயல் எனக் கொள்ள இயலவில்லை.

நாகப்பட்டினம் வழியே

ஆட்சிப்பகுதிகளின் கதவு பாபநாசத்துக் கூலிக்கு எட்டாதது. அவருக்குத் திறந்திருந்தது நாகப்பட்டினம். 1861இல் நாகப்பட்டினத்தையும் தஞ்சாவூரையும் இணைத்த இருப்புப்பாதை, படுகையின் உள்ளூர்களைத் துறைமுகத்துக்கு அருகில் கொணர்ந்தது. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்தார். 1907இல் மலாயாவில் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி பயணச் செலவை ஏற்றது. மலாயாவுக்குள் நுழைய இந்தியருக்குத் தடை ஏதுமில்லை. பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் 1933ஆம் ஆண்டு அயலார் சட்டமும் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை.

எனவே முதிய தாய் தந்தையர் கப்பலேறுவதைச் சட்டம் தடுத்தது என்று கூற முடியாது. தடுத்தது தோட்டத்தின் கணக்கு. நிதி செலவிட்டது உழைக்கும் உடலுக்காக. லயத்து அறை அளந்து கட்டப்பட்டது உழைப்பவருக்காக. கிழவருக்கு அங்கே கூலியும் இல்லை, கஞ்சியும் இல்லை. 1936 இறுதியில் மலாயா சென்று, அடுத்த ஆண்டு இந்தியத் தொழிலாளர் நிலை பற்றி அறிக்கை அளித்தவரும் அதே சாஸ்திரிதான். கங்காணி முறை ஒழிய வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். 1938இல் உதவித்தொகையுடனான குடிபெயர்வை இந்திய அரசு நிறுத்தியது.

இக்காலத்தில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான பாலம் மணியார்டரும் கடிதமும் ஆகும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கொருமுறை மகன் வந்தான். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. முதியோர் நினைவில் 'ரஜூலா' என்ற பெயரே ஒரு காலத்தைக் குறிக்கும். வந்து செல்வது எளிதாக இருந்தவரை 'நிரந்தரம்' என்ற சொல்லுக்குத் தேவை எழவில்லை. 1953 ஆகஸ்டு 1 அன்று நடைமுறைக்கு வந்த மலாயாவின் குடியேற்றச் சட்டம் அந்த எளிமையை முடித்துவைத்தது. தகுதி, ஊதியம் ஆகியவற்றின்படி நுழைவு வகைப்படுத்தப்பட்டது. 1959ஆம் ஆண்டுத் திருத்தங்கள் இன்னும் கடுமையானவை. கணவனைப் பிரிந்து தொடர்ந்து ஐந்தாண்டுகள் வெளியே வாழ்ந்த மனைவிக்கும், ஆறு வயதைக் கடந்த குழந்தைக்கும்கூடச் சிங்கப்பூரின் கதவு அடைபட்டது. மனைவியும் குழந்தையுமே வெளியில் நின்ற நிலையில் தாய் தந்தையர் எம்மாத்திரம்!

1965க்குப் பின்

பெற்றோரை அழைத்துக்கொள்வது ஓர் உரிமையாகப் படுகைக்கு அறிமுகமானது அமெரிக்காவின் வழியே. 1946ஆம் ஆண்டின் லூஸ்–செல்லர் சட்டம் இந்தியருக்கு ஆண்டுக்கு 100 இடங்களை ஒதுக்கி, குடியுரிமை பெறும் வாய்ப்பையும் தந்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்கக் குடிமக்களின் பெற்றோருக்கு முன்னுரிமை வழங்கியது. ஆனால் அதுவும் அந்த 100 இடங்களுக்கு உள்ளேயே. 1965 அக்டோபரில் கையொப்பமான ஹார்ட்–செல்லர் சட்டமே திருப்பம். 21 வயது நிறைந்த குடிமகன் அல்லது குடிமகளின் பெற்றோர், மனைவி, கணவன், மைனர் குழந்தை ஆகியோரோடு ஒரே வரிசையில் 'நெருங்கிய உறவினர்' ஆயினர். அவர்களுக்கு எண்ணிக்கை வரம்பு நீங்கியது. 1918இல் விடுபட்டவர்கள் 47 ஆண்டுகள் கழித்து, வேறொரு நாட்டின் சட்டத்தில் குடும்பத்துக்குள் வந்தனர். கனடாவும் 1967ஆம் ஆண்டு விதிகளில் 60 வயது கடந்த பெற்றோரைப் பிள்ளைகள் அழைத்துக்கொள்ள வகை செய்தது.

இதே காலத்தில் படுகையில் நிகழ்ந்தவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ச் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டமும் மிராசுதாரரின் நிலைமையை மாற்றின. 30 தர ஏக்கராக இருந்த உச்சவரம்பு 1970இல் 15ஆகக் குறைந்தது. காத்லீன் கஃப் 1950களின் தொடக்கத்திலும், ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்திலும் தஞ்சைக் கிராமங்களில் ஆய்வு செய்தபோது, அக்கிரகாரத்து இளைஞர் நகர வேலைகளுக்கு வெளியேறிக்கொண்டிருந்ததைப் பதிவு செய்தனர். அரை நூற்றாண்டுக்குப்பின் கிறிஸ் ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் கும்பகோணம் அருகேயுள்ள திப்பிராஜபுரத்து வாத்திமக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, நிலக்கிழார்களின் பேரப்பிள்ளைகள் மென்பொருள் பொறியாளர்களாக இருந்தனர். நிலத்தின் மீதான பிடி தளர்ந்த அதே தலைமுறையில் அமெரிக்கக் கதவு திறந்தது என்பது காலநிரலில் தெளிவாகத் தெரிகிறது.

உரிமை திறந்தது என்றாலும் அதற்கு ஒரு படிக்கட்டு உண்டு. 'கிரீன் கார்டு' பெற்றவர் தம் மனைவிக்கு விண்ணப்பிக்கலாம். பெற்றோருக்கு விண்ணப்பிக்க இயலாது. அதற்குக் குடியுரிமை வேண்டும். குடியுரிமைக்குப் பொதுவாக ஐந்தாண்டு நிரந்தர வசிப்பு வேண்டும். 1960, 70களில் சென்ற மருத்துவர்க்கு இப்படிகள் விரைவாகக் கடந்தன. 1990ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் சென்ற பொறியாளரின் நிலை வேறு. வேலைவழி கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காடே என்ற வரம்பினால் இந்தியரின் காத்திருப்பு பத்தாண்டுகளைக் கடந்து நீள்கிறது. 25 வயதில் சென்றவர் குடியுரிமை பெறும்போது 40ஐத் தாண்டியிருப்பார். ஊரில் தந்தைக்கு 70 ஆகியிருக்கும். ஆக, எண்ணிக்கை வரம்பே இல்லாத உரிமையும் இன்னொரு வரிசையின் வரம்பில் சிக்கிக் கிடக்கிறது. சட்டநூலை மட்டும் படிப்பவருக்கு இது புலப்படாது.

யார் யாரைச் சார்ந்தவர்?

பெற்றோர் உள்ளே வந்த வாயிலில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது: 'சார்ந்திருப்பவர்'. பொதுச்சுமை ஆகக்கூடியவரைத் திருப்பி அனுப்பும் விதி அமெரிக்காவில் 1882ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. அந்தப் பழைய அச்சம் 1996இல் புதிய வடிவெடுத்தது. அழைக்கும் பிள்ளை, அரசின் வறுமைக்கோட்டு அளவில் 125 விழுக்காட்டுக்குக் குறையாத வருமானத்தைக் காட்டி, நீதிமன்றத்தில் வலியுறுத்தத்தக்க ஆதரவு உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். பெற்றோர் குடியுரிமை பெறும்வரை, அல்லது சட்டம் கூறும் 40 காலாண்டு உழைப்பு நிறையும்வரை, அல்லது நாட்டை விட்டு நிலையாக நீங்கும்வரை, அல்லது இறக்கும்வரை அப்பிணை தொடரும். எழுபது வயதுத் தாய்க்கு நாற்பது காலாண்டு உழைப்பு என்பதன் பொருள் என்ன என்று சட்டம் எழுதியவர்கள் எண்ணினார்களா எனத் தெரியவில்லை.

கனடா இதே பாதையில் இன்னும் தொலைவு சென்றது. 2011 நவம்பரில் பெற்றோருக்கான விண்ணப்பங்களையே நிறுத்திவைத்து, நீண்டகால வருகைக்கான 'சூப்பர் விசா'வை அறிமுகப்படுத்தியது. 2014இல் மீண்டும் திறந்தபோது பத்தாண்டாக இருந்த பிணைக்காலம் இருபதாண்டாகியது. மூன்றாண்டு வருமானக் கணக்கும் கேட்கப்பட்டது. ஆண்டுக்கு 5,000 விண்ணப்பம் என்று வரம்பும் வந்தது. போருக்குப்பின் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தனித்திருந்த பெற்றோரை அழைக்க முயன்ற டொராண்டோத் தமிழரை இம்மாற்றம் நேராகத் தாக்கியது. பிரிட்டன் 2012 ஜூலையில் கொணர்ந்த விதியோ, அன்றாடச் செயல்களுக்கே பிறர் துணை தேவைப்படும் அளவுக்கு நலிந்து, பிள்ளை பணம் அனுப்பினாலும் அத்துணை ஊரில் கிடைக்காது என்று நிறுவிய பெற்றோரை மட்டுமே ஏற்கிறது. ஆஸ்திரேலியா பிள்ளைகளை எண்ணுகிறது. பாதிப் பேராவது அந்நாட்டில் நிலையாக வாழ வேண்டும், அல்லது வேறெந்த ஒரு நாட்டிலும் இருப்பதைவிட அங்கு மிகுதியானோர் வாழ வேண்டும். மெல்போர்னில் ஒரு மகனும், கும்பகோணத்தில் இரு மகள்களும் உள்ள தாய் இந்தக் கணக்கில் தோற்றுவிடுகிறார்.

இச்சட்டங்கள் அனைத்திலும் சார்பின் திசை ஒன்றே: பெற்றோர் பிள்ளையைச் சார்ந்தவர். பாபநாசத்து நிலப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தால் திசை மாறிவிடுகிறது. பிள்ளையின் பொறியியல் கல்லூரிக் கட்டணத்துக்கும், வெளிநாட்டு மேற்படிப்புக்கும், முதல் விமானச்சீட்டுக்கும் வயலை விற்றோ, அடமானம் வைத்தோ, நகையை அடகு வைத்தோ பணம் திரட்டியவர் பெற்றோர். பிள்ளை அவர்களைச் சார்ந்து சென்றான். சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்றுகளை, ஊரார் வெளிநாடு சென்ற ஆண்டுகளோடு ஒப்பிட்டு எழுதப்படும் வரலாறு, உறுதிமொழிப் பத்திரத்துக்கு நேர் எதிரான ஆவணமாக அமையும் என்பது என் கருத்து. அடமானப் பத்திரத்தில் 'குடும்பச் செலவு' என்று ஒரே சொல்லில் முடிந்துபோகும் காரணத்தை விரித்துரைக்க வாய்மொழி வரலாறு உதவும். இளம் ஆய்வாளர்கள் இக்களத்தில் இறங்க வேண்டும்.

இந்தியச் சட்டமும் இதற்கிடையே மாறியது. 1956ஆம் ஆண்டு இந்து மகவேற்பு, பராமரிப்புச் சட்டம் முதிய பெற்றோரைக் காக்கும் கடமையை எழுத்தில் வடித்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, பழைய 488இல் இல்லாத தாய் தந்தையரைச் சேர்த்துக்கொண்டது. 2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. ஊரிலுள்ள சட்டம் பெற்றோரைக் கைவிடாதே என்கிறது. பிள்ளை வாழும் நாட்டின் சட்டமோ, கைவிடப்பட்டவர்போல் அவர்களைக் காட்டு, அல்லது இருபதாண்டுச் செலவை ஏற்றுக்கொள் என்கிறது.

பெயரும் பதிவேடும்

1918இன் தீர்மானம் கேட்ட 'உறவுச் சான்று' இன்று ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. தாய்க்காக அமெரிக்காவில் விண்ணப்பிக்கும் மகன் காட்ட வேண்டியது, தாயின் பெயர் குறித்த தன் பிறப்புச் சான்றிதழை. தந்தைக்காக எனில் பெற்றோரின் திருமணச் சான்றும் சேரும். பின்னர் விசா நிலையில் பெற்றோர் தம் பிறப்புச் சான்றையும் தர வேண்டும். இரண்டு தலைமுறைப் பிறப்பும் ஒரு திருமணமும் தாளில் இருந்தாக வேண்டும்.

படுகையின் வழக்கம் இதற்கு இசைந்ததன்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது மரபு. எனவே பாபநாசத்துக் குடும்பத்தின் மூத்த மகனுடைய பிறப்பு மன்னார்குடிப் பக்கத்தில் எங்கோ பதிவாகியிருக்கும். 1899ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தின்கீழ் ஊர்ப் பதிவேட்டைக் கிராம முன்சீப் எழுதினார். குழந்தை பிறந்த சில நாளில் எழுதப்பட்டதால் பெயர்க் கட்டம் வெறுமையாக இருக்கும். 'ஆண்', 'பெண்' என்பதே அடையாளம். பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டபோது பல கட்டுகள் கைமாறின. பிறப்பு இறப்புப் பதிவுக்கான மத்தியச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பிறப்புகளுக்குச் சான்று கிடைப்பது அரிது என்பதை அமெரிக்கத் தூதரக நடைமுறையே ஏற்று, பதிவு இல்லை என்னும் சான்றையும், உறவினரின் உறுதிமொழியையும் பள்ளிச் சான்றையும் பெற்றுக்கொள்கிறது. இல்லாத ஒன்று இல்லை என்பதற்கு அரசு முத்திரை பெற அலைவது, முதியோர் பலரின் குடியேற்ற அனுபவத்தில் முதல் அத்தியாயம்.

பெயர் இன்னும் நுட்பமான சிக்கல். பேத்திக்குப் பாட்டியின் பெயரை இடுவர். மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால் வீட்டில் வேறொரு பெயரால் அழைப்பர். பள்ளியில் எந்தப் பெயர் ஏறியது என்பது சேர்க்க அழைத்துச் சென்றவரைப் பொறுத்தது. திருமணத்தோடு பெண்ணின் தலைப்பெழுத்து தந்தையுடையதிலிருந்து கணவனுடையதாக மாறும். குடும்பப் பெயர் என்ற கட்டம் உள்ள அயல்நாட்டுப் படிவத்தை நிரப்பும்போது, மகனின் குடும்பப் பெயர் தந்தையின் பெயர். தாயின் குடும்பப் பெயரும் அதுவே. தந்தையின் குடும்பப் பெயரோ பாட்டனாரின் பெயர். ஒரே வீட்டில் வாழ்ந்த தந்தையும் மகனும் தாளில் வெவ்வேறு குடும்பத்தினர் ஆகின்றனர். தாயும் மகனும் உடன்பிறந்தார்போல் தோன்றுகின்றனர். எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி, தம் இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழி அளித்துவிட்டு வந்து, "எழுபத்திரண்டு வயசுல நான் நான்தான்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

திருமணப் பதிவிலும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. தமிழ்நாட்டில் திருமணப் பதிவு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கட்டாயமாயிற்று. 1960களில் நிகழ்ந்த இந்துத் திருமணத்துக்கு எஞ்சியிருப்பது பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகையும் மங்கிய புகைப்படமும். ராஜகிரி போன்ற ஊர்களில் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு மணமக்கள், சாட்சிகள், மஹர் ஆகியவற்றைக் கையொப்பத்தோடு வைத்திருக்கும். சமூக நிறுவனம் தனக்கென எழுதிய பதிவு, அரசு எழுதத் தவறிய இடத்தில் உறவுக்குச் சான்றாகிறது. ஊர்ப்புறப் பதிவேடுகளைச் சமய வரலாற்றுக்கு மட்டுமே பயன்படுத்தும் நம் வழக்கத்தை மறு ஆய்வு செய்ய இதுவே போதிய காரணம்.

ஆறு மாதமும் மூன்று போகமும்

வசிப்புரிமை கிடைத்தபின் 'நிரந்தரம்' என்ற சொல் தன் பொருளைக் கேட்கத் தொடங்குகிறது. கிரீன் கார்டு பெற்ற தாய் ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் தங்கினால் திரும்பும்போது கேள்வி எழலாம். மறுநுழைவு அனுமதியின்றி ஓராண்டைக் கடந்தால் வசிப்பைக் கைவிட்டவராகக் கருதப்படலாம். அவ்வனுமதியும் இரண்டாண்டே செல்லும். படுகையின் ஆண்டோ வேறு கணக்கில் இயங்குவது. மேட்டூர் அணை 1934இல் பயன்பாட்டுக்கு வந்ததிலிருந்து, நீர் இருப்பைப் பொறுத்து ஜூன் 12ஐ ஒட்டித் திறப்பது வழக்கம். குறுவை ஜூனில் தொடங்கிப் புரட்டாசியை ஒட்டி முடியும். சம்பாவும் தாளடியும் தை, மாசி வரை நிற்கும். குளிருக்கு அஞ்சிச் சித்திரையில் சென்று ஐப்பசியில் திரும்புபவர் குறுவையை முழுமையாக இழக்கிறார். நிலம் குத்தகைக்குப் போகிறது, அல்லது நம்பகமான ஒருவர் பொறுப்பில் வாய்மொழியாக விடப்படுகிறது. குத்தகைப் பாதுகாப்புச் சட்டங்களை நேரில் கண்ட தலைமுறைக்கு இரண்டுமே அச்சம் தருபவை.

சட்டம் இன்னொரு முடிச்சையும் இடுகிறது. 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தை வாங்க முடியாது. மரபுரிமையாகப் பெறலாம், விற்பதானால் இந்தியாவில் வசிப்பவருக்கே விற்கலாம். பெற்றோரும் வெளிநாடுவாழ்வோர் ஆகிவிட்டால், இருப்பதை வைத்திருக்கலாம். அடுத்த வயலைச் சேர்க்க இயலாது. மா நிலம் விலைக்கு வருகிறது என்று அடுத்த வீட்டுக்காரர் முதலில் சொல்லி அனுப்புவது தம்மிடம்தான் என்று இருந்த ஒருவருக்கு, அத்தகுதி போவது வெறும் சொத்துக் கேள்வி அன்று. திரும்பி வந்து, கிரீன் கார்டை ஒப்படைத்துவிட்டுப் பத்தாண்டு வருகை விசாவுக்கு மாறிக்கொள்ளும் பெற்றோரின் முடிவை 'ஒத்துப்போகவில்லை' என்று உளவியலாக மட்டும் விளக்குவது போதாது. அங்கே 65 வயது கடந்தவரும் மெடிகேர் காப்பீட்டுக்குக் கட்டணம் செலுத்திச் சேர ஐந்தாண்டு தொடர் வசிப்பு வேண்டும்; இங்கே நிலத்துக்கு ஆண்டுதோறும் ஆள் வேண்டும். இரண்டையும் ஒருவர் நிறைவேற்ற முடியாது.

2017இல் அமெரிக்க மேலவையில் முன்மொழியப்பட்டு நிறைவேறாது போன 'ரெய்ஸ்' மசோதா, பெற்றோரை நெருங்கிய உறவினர் பட்டியலிலிருந்து நீக்கி, ஐந்தாண்டுத் தற்காலிக விசாவுக்கு மாற்ற முயன்றது. வேலையும் அரசு உதவியும் கிடையாது; மருத்துவக் காப்பீடு பிள்ளையின் பொறுப்பு. வந்து போகும் பெற்றோரின் நடைமுறைக்கு இது பொருந்தும் எனச் சிலர் கருதக்கூடும். ஊருக்குத் திரும்புவதைத் தாமே தேர்ந்தெடுப்பதும், தங்க உரிமையில்லை என்பதால் திரும்புவதும் ஒன்றல்ல என்பதையே மலாயாவின் 1953க்கு முன்னும் பின்னுமான அனுபவம் நமக்குக் காட்டுகிறது.

உரிமைக்கு வெளியே

இதுவரை கூறியவை, இந்த உரிமை எட்டும் தொலைவில் உள்ளவர்களைப் பற்றியவை. பட்டம், நிலம், நகர வேலை ஆகிய படிகளில் ஏறியவர்களின் குடும்பங்களே அவர்களுள் மிகுதி. படுகையில் அப்படிகள் சாதியால் அமைந்தவை என்பதைத் தனியே நிறுவத் தேவையில்லை. மலாயா சென்ற கூலிகளின் வழித்தோன்றல்கள் இன்று செல்லும் இடங்கள் வளைகுடாவும் சிங்கப்பூரும். வளைகுடா நாடுகளில் தொழிலாளிக்கு நிரந்தர வசிப்பு என்ற வழியே பொதுவாக இல்லை. குடும்ப விசா ஊதியத்தைப் பொறுத்தது. சிங்கப்பூரில் 21 வயது நிறைந்த குடிமகன் தம் முதிய பெற்றோருக்கு நிரந்தர வசிப்புரிமை கோரலாம். உயர்தர வேலை அனுமதி பெற்றவர், மாத நிலை ஊதியம் 12,000 சிங்கப்பூர் வெள்ளி எனில், பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி பெறலாம். கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் பணிபுரியும் 'ஒர்க் பெர்மிட்'காரருக்கு இவ்விரண்டும் இல்லை. பெற்றோர் இருக்கட்டும், 1918இல் பேரரசு அனுமதித்த மனைவியையும் மைனர் குழந்தைகளையும்கூட அவர் உடன் அழைத்துச் செல்ல முடியாது.